உறைபனி இரவில் காட்டு ஆர்க்கிட்: நீலகிரியில் எது பிழைக்கிறது, எதனால்?

டிசம்பர் பிறந்ததும் நீலகிரியிலிருந்து ஆண்டுதோறும் ஒரே மாதிரியான செய்திகள் வரத் தொடங்குகின்றன. தலைக்குந்தாவிலும் காந்தலிலும் புல்வெளி வெளுத்துக் கிடக்கிறது, அவலாஞ்சியில் வெப்பநிலை பூஜ்ஜியத்தைத் தொட்டது, தேயிலைக் கொழுந்து கருகியது, பூங்காக்களில் மலர்ச்செடிகளை மிலார் என்னும் செடியின் தழை கொண்டு மூடினார்கள் என்பவை அவற்றின் வழக்கமான வரிகள். இவற்றைப் படிப்பவருக்கு ஒரு கேள்வி எழுவது இயல்பு: மூடிவைக்க ஆளில்லாத காட்டுச் செடிகள், அதிலும் வெப்பமண்டலத்துக்கே உரியவை என்று பெயரெடுத்த ஆர்க்கிட் செடிகள், இந்த இரவுகளை எப்படிக் கடக்கின்றன?

அவற்றில் பெரும்பாலானவை கடந்துவிடுகின்றன. ஆனால் அவற்றின் உடல் உறைவைத் தாங்கும் வலிமை பெற்றிருப்பதாக இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. நீலகிரியின் ஆர்க்கிட்கள் உறைபனியை நேருக்கு நேர் சந்திப்பதே அரிது. சில இனங்கள் மண்ணுக்குள் இருக்கின்றன, மற்றவை மரக்கூரையின் கீழ் இருக்கின்றன. ஆகவே, எத்தனை டிகிரி குளிர் என்று கேட்பதைவிட, அந்தச் செடியின் உயிருள்ள பகுதி எங்கே இருக்கிறது, அதன் தலைக்கு மேல் என்ன இருக்கிறது என்று கேட்பதே இந்த விஷயத்தைப் புரிந்துகொள்ளச் சரியான வழி.

உறைபனியும் குளிர் அலையும் ஒன்றல்ல

செய்திகளில் நீர்ப்பனி, உறைபனி, குளிர் அலை ஆகிய சொற்கள் ஒன்றுக்கொன்று மாற்றாகப் புழங்குகின்றன. முதலில் இவற்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

1. நீர்ப்பனி என்பது காற்றிலுள்ள நீராவி குளிர்ந்த இலைமீது நீர்த்துளியாகப் படிவது. அது செடிக்குத் தீங்கு செய்வதில்லை. நீலகிரியில் பனிக்காலம் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது.

2. உறைபனி என்பது இலையின் பரப்பு பூஜ்ஜிய டிகிரிக்குக் கீழே இறங்கி, நீராவி அதன்மீது பனிப்படிகமாகவே படிவது. காற்று மிகவும் உலர்ந்திருந்தால் வெண்படிகம் எதுவும் தோன்றாமலேயே இலைக்குள்ளிருக்கும் நீர் உறையக்கூடும். காலையில் வெள்ளை தெரியாமல், மதியத்துக்குள் இலை கருகுவது இதனால்தான்.

3. குளிர் அலை என்பது வானிலைத் துறையின் அளவுகோல் சார்ந்த சொல். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வரையறைப்படி, சமவெளியில் குறைந்தபட்ச வெப்பநிலை 10 டிகிரி அல்லது அதற்குக் கீழும், மலைப்பகுதியில் 0 டிகிரி அல்லது அதற்குக் கீழும் சென்று, இயல்பைவிட 4.5 முதல் 6.4 டிகிரி வரை குறைந்திருந்தால் அது குளிர் அலை. அதற்கும் மேல் குறைந்தால் கடுங்குளிர் அலை.

நீலகிரியில் நிகழ்வது பெரும்பாலும் இரண்டாவது வகை. மேகமற்ற, காற்றடிக்காத இரவில் புல்லும் மண்ணும் தம் வெப்பத்தை வானத்தை நோக்கிக் கதிர்வீச்சாக இழக்கின்றன. அவற்றை ஒட்டியுள்ள காற்று குளிர்ந்து கனமாகி, சரிவில் தண்ணீரைப் போலவே வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. குதிரைப் பந்தய மைதானம் போன்ற தாழ்வான திறந்தவெளிகள் வெளுத்துக் கிடக்கும்போது, சற்று மேலேயுள்ள சரிவு பச்சையாகவே இருப்பதற்குக் காரணம் இதுதான். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். செய்தியில் வரும் வெப்பநிலை ஏறத்தாழ மார்பளவு உயரத்தில், காற்றோட்டமுள்ள பெட்டிக்குள் வைத்த வெப்பமானி காட்டும் அளவு. அத்தகைய இரவில் புல்நுனியின் வெப்பநிலை அதைவிடச் சில டிகிரி குறைவாக இருக்கும். 'இரண்டு டிகிரிதானே, எப்படிக் கருகியது?' என்ற குழப்பத்துக்கு விடை இந்த இடைவெளியில் இருக்கிறது.

செடியின் உடலுக்குள் நடப்பது

குளிர் செடியைக் கொல்லும் வழி ஒன்றல்ல. வெப்பமண்டலத் தாழ்நிலங்களின் ஆர்க்கிட்கள் பூஜ்ஜியத்துக்கு வெகு மேலேயே, பத்து டிகிரியை நெருங்கும்போதே, துன்பப்படத் தொடங்கிவிடுகின்றன. செல்லைச் சூழ்ந்துள்ள சவ்விலிருக்கும் கொழுப்பு, குளிர்ந்த நெய் போல இறுகி, உப்புகள் உள்ளேயிருந்து வெளியே கசிகின்றன. இதைக் குளிர்ச்சேதம் என்பார்கள். இங்கே பனிக்கட்டிக்கு வேலையே இல்லை. சென்னையில் பூக்கும் ஒரு கலப்பின ஆர்க்கிட்டை டிசம்பரில் ஊட்டியின் திறந்த முற்றத்தில் வைத்தால், உறைபனி விழாத இரவிலேயே அது சோர்ந்துபோவது இதனால்தான். இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் வாழும் இனங்கள் இந்தக் கட்டத்தைத் தாண்டியவை. அவற்றின் சவ்வுகள் தாழ்வெப்பத்திலும் இளக்கமாக இருக்கின்றன.

அவற்றுக்கும் எல்லை உண்டு. உறைதல் பின்வரும் வரிசையில் நடக்கிறது.

1. முதலில் உறைவது செல்களுக்கு இடையிலுள்ள நீர். அங்கே கரைபொருள் குறைவு என்பதால் அது எளிதில் உறைகிறது.

2. அந்தப் பனிக்கட்டி, செல்லுக்குள்ளிருக்கும் நீரை வெளியே இழுக்கிறது. ஆகவே உறைபனியில் வாடும் இலை, ஒருவகையில் வறட்சியில் வாடுகிறது. குளிருக்குப் பழகிய செடி இந்தக் கட்டம்வரை தாக்குப்பிடித்து மீளக்கூடும்.

3. செல்லுக்குள்ளேயே படிகம் உருவானால் சவ்வு கிழிகிறது. அதன்பின் அந்தச் செல்லுக்கு மீட்சி இல்லை.

4. விடிந்ததும் நேர் வெயில் விழுந்தால் சேதம் மிகுகிறது. குளிரில் விறைத்த இலை ஒளியை வாங்கிக்கொள்கிறது. ஆனால் அந்த ஆற்றலைச் செலவிட வேண்டிய ஒளிச்சேர்க்கை இயந்திரம் இன்னும் ஓடத் தொடங்கவில்லை. மிஞ்சிய ஆற்றல் இலையையே எரிக்கிறது.

செல்சாற்றில் சர்க்கரை சேர்வதால் உறைநிலை தாழ்கிறது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். அது உண்மைதான், ஆனால் அதற்குரிய மதிப்புக்கு மேல் மதிக்கப்படுகிறது. ஒரு கிலோ நீரில் ஒரு மோல் அளவு பொருள் கரைந்தால்தான் உறைநிலை 1.86 டிகிரி தாழும்; இலைச்சாற்றின் அடர்த்தி பொதுவாக அந்த அளவையொட்டியோ அதற்குக் குறைவாகவோதான் இருக்கும். ஆக, சர்க்கரையால் நேரடியாகக் கிடைக்கும் காப்பு ஓரிரண்டு டிகிரி மட்டுமே. அதைவிடப் பெரிய உதவி வேறிடத்திலிருந்து வருகிறது: தூய நீர் பூஜ்ஜியத்தைத் தொட்டவுடனே உறைந்துவிடுவதில்லை. உறைதலைத் தொடங்கிவைக்க ஒரு படிகத் துகள் வேண்டும். இலைப்பரப்பு உலர்ந்தும் காயமின்றியும் இருந்தால், அதற்குள்ளிருக்கும் நீர் பூஜ்ஜியத்துக்குக் கீழே சிறிது நேரம் திரவமாகவே நீடிக்கும். இலைமீது நீர்த்துளி படிந்து உறைந்தால், அந்தப் பனிக்கட்டி உறைதலுக்கு இலைத்துளை வழியாக உள்ளே வழிகாட்டிவிடும்.

புல்வெளியில்: மண்ணுக்குள் இறங்கிவிடுதல்

உறைபனி உண்மையிலேயே விழும் இடம் மலைப்புல்வெளி. அங்கே வாழும் ஆர்க்கிட்கள் தரைவாழ் இனங்கள். நீலகிரிப் புல்வெளிகளில் நன்கு அறியப்பட்ட ஒன்று சட்டிரியம் நேபாலென்ஸ். இளஞ்சிவப்புக் கதிராகப் பூப்பது, நறுமணமுள்ளது. பெயர் நேபாளத்தைச் சுட்டினாலும், இமயமலையிலும் தென்னிந்திய மலைகளிலும் இலங்கையின் ஹோர்ட்டன் சமவெளியிலும் இது வளர்கிறது. ஹோர்ட்டன் சமவெளியிலும் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் உறைபனி விழுகிறது என்பது கவனிக்கத்தக்கது. ஹபெனாரியா, பெரிஸ்டைலஸ் இனங்களும் இதே வாழ்க்கை முறையைக் கொண்டவை.

இந்தச் செடியின் ஆண்டுக் கணக்கைப் பார்த்தால் உறைபனிக்கு அதில் இடமே இல்லை. தென்மேற்குப் பருவமழையில் தளிர்த்து, ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை பூத்து, அதன்பின் விதை முற்றியதும் தரைக்கு மேலுள்ள பகுதி காய்ந்துவிடுகிறது. செடி பூத்துக்கொண்டிருக்கும்போதே மண்ணுக்கடியில் இரண்டு கிழங்குகள் இருக்கும். பழைய கிழங்கு தண்டுக்கும் பூவுக்கும் தன்னிடமுள்ளதைக் கொடுத்துச் சுருங்க, புதிய கிழங்கு அடுத்த ஆண்டுக்கான மொட்டுடன் பருக்கிறது. உறைபனி உச்சத்தில் இருக்கும் நாள்களில் அந்தச் செடி என்பது மண்ணுக்குள் கிடக்கும் ஒரு கிழங்கும் அதன் ஒற்றை மொட்டும் மட்டுமே.

மண் அங்கே என்ன செய்கிறது? பகலில் வாங்கிய வெப்பத்தை மண் இரவில் மெதுவாகத்தான் விடுகிறது. அதன்மேல் காய்ந்த புல் மெத்தைபோல் கிடந்து, காற்றைச் சிறைப்பிடித்துக் காப்பாகிறது. வெளுத்த புல்நுனிக்கும் சில அங்குல ஆழத்திலுள்ள கிழங்குக்கும் இடையே வேறொரு பருவநிலையே நிலவுகிறது எனலாம். சைபீரியாவிலும் அலாஸ்காவிலும் வாழும் 'சீமாட்டியின் காலணி' என்ற ஆர்க்கிட் வகைகளுக்கு இதே வேலையைப் பனிப்போர்வை செய்கிறது. நீலகிரியில் அப்படிப் பனிப்பொழிவு இல்லை, புல்தான் போர்வை.

இந்த உத்தி உறைபனிக்கென்றே உருவானது என்று சொல்லிவிட முடியாது. நீலகிரியில் உறைபனிக் காலமும் வறண்ட காலமும் ஒன்றோடொன்று ஒட்டி வருகின்றன. அவற்றின் முடிவில் புல்வெளித் தீயும் வரலாம். மண்ணுக்குள் கிடக்கும் கிழங்கு மூன்றுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறது. எது முதல் காரணம் என்று பிரிப்பது கடினம், பிரிக்க வேண்டிய தேவையும் இல்லை.

சோலையில்: கூரையின் கீழ் வாழ்தல்

மரத்தில் வாழும் ஆர்க்கிட்களுக்கு மண்ணுக்குள் இறங்கும் வழி இல்லை. இவற்றைத் தொற்றுத் தாவரங்கள் என்பார்கள். மரத்தின் சாற்றை இவை உறிஞ்சுவதில்லை, இடத்தை மட்டுமே எடுத்துக்கொள்கின்றன என்பதால் 'ஒட்டுண்ணி' என்று இவற்றை அழைப்பது தவறு. சீலோஜினி நெர்வோசா, சீலோஜினி ஓடராட்டிசிமா, ஒபெரோனியா இனங்கள், நீலகிரியிலுள்ள கேத்தி என்ற ஊரின் பெயரையே தாங்கிய பல்போஃபில்லம் கைட்டியென்ஸ் ஆகியவை தென்னிந்திய மலைக்காடுகளின் தொற்று ஆர்க்கிட்களில் சில. ஆண்டு முழுவதும் காற்றில் தொங்கும் இவை பிழைப்பதற்கு, சோலை எனப்படும் அடர்ந்த மலைக்காட்டின் அமைப்பே முதற்காரணம்.

திறந்த புல்லின் மேல் இருப்பது வெறும் வானம். தெளிந்த இரவில் வானம் வெப்பத்தை வாங்கிக்கொண்டே இருக்கும், திருப்பித் தருவது மிகக் குறைவு. சோலைக்குள் இருக்கும் ஆர்க்கிட்டின் மேல் இருப்பது இலைக்கூரை. அந்த இலைகளின் வெப்பநிலை சுற்றியுள்ள காற்றின் வெப்பநிலைக்கு அருகிலேயே இருப்பதால், கீழிருந்து போகும் கதிர்வீச்சில் பெரும்பகுதியை அவை வாங்கி, ஏறத்தாழ அதே அளவைக் கீழ்நோக்கித் திருப்பி அனுப்புகின்றன. வானத்துக்கு வெப்பத்தை இழப்பது கூரையின் மேற்பரப்புதான். உள்ளிருப்பவை அந்தக் கணக்கில் சேர்வதில்லை. பூங்காவில் செடிகளின்மேல் மிலார் போடுவதும் இதே இயற்பியல்தான்: மிலார் சூடு தருவதில்லை, செடிக்கும் வானத்துக்கும் இடையில் நிற்கிறது, அவ்வளவே.

இரண்டாவது உதவி ஈரம். சோலை மரங்களின் கிளைகள் பாசியால் மூடியவை. தரையில் மட்கும் இலைக்குவியல். பல சோலைகளின் அடியில் ஓடை. ஒரு கிராம் நீர் ஒரு டிகிரி குளிரும்போது ஒரு கலோரி வெப்பத்தை வெளிவிடுகிறது. அதே ஒரு கிராம் உறையும்போது 80 கலோரியை வெளிவிடுகிறது. ஆகவே ஈரமான இடம் குளிர்வதற்கு நீண்ட நேரம் பிடிக்கும், உறைநிலையைத் தொட்ட பிறகும் அங்கேயே நின்றுகொள்ளும். அதற்குள் பெரும்பாலும் விடிந்துவிடும். இலைப்பரப்பு உலர்ந்திருப்பது நல்லது என்று முன்பு சொன்னதற்கு இது முரணாகத் தோன்றலாம். முரண் இல்லை: சுற்றுப்புறம் ஈரமாகவும் இலை உலர்ந்தும் இருப்பதே ஆர்க்கிட்டுக்கு ஏற்ற நிலை. மேலே கூரை இருப்பதால் பனித்துளி கூரையின் மேலேயே படிந்துவிடுகிறது. கீழுள்ள ஆர்க்கிட்டின் இலை பெரும்பாலும் உலர்ந்தே இருக்கிறது.

மூன்றாவதாகச் செடியின் சொந்த அமைப்பு வருகிறது. சீலோஜினி போன்றவற்றின் தண்டு முட்டை வடிவில் பருத்து நீரையும் உணவையும் சேமிக்கிறது. இதைப் போலிக்குமிழ் என்பர். குளிரும் வறட்சியும் சேர்ந்து வரும் மாதங்களில் செடி புதுத் தளிர் விடுவதை நிறுத்தி, இந்தச் சேமிப்பில் காலம் தள்ளுகிறது. உறைபனி முதலில் தாக்குவது நீர் நிறைந்த இளந்தளிரைத்தான், தேயிலையில் கொழுந்து கருகி முற்றிய இலை தப்புவது போல. தளிரே இல்லாத செடியிடம் அது தாக்குவதற்கு அதிகம் இல்லை. வேரைப் போர்த்தியுள்ள வெலாமன் என்னும் பஞ்சுபோன்ற இறந்த செல்லடுக்கு, மழையில் நீரை உறிஞ்சிப் பிடிக்கிறது. வறண்ட காலத்தில் காற்று நிறைந்து வெளுத்துக் கிடக்கிறது. அந்த நிலையில் அதில் உறைவதற்கு நீர் இல்லை.

சோலைக்குள்ளும் எல்லா இடமும் ஒன்றல்ல. உச்சிக்கிளையின் நுனியில் இருப்பது வானத்தைப் பார்த்திருக்கிறது. சோலை விளிம்பில், கிழக்கு நோக்கிய தண்டில் இருப்பதற்கு விடியலின் முதல் வெயில் நேராக விழுகிறது. நடுக்கிளைகளின் கவட்டிலும் உட்புறத் தண்டிலும் இருப்பவையே பாதுகாப்பானவை. அங்கே ஆர்க்கிட்கள் செறிந்து காணப்படுவதற்கு நிழல், பாசி, ஈரம் ஆகியவை முதன்மைக் காரணங்கள். குளிர்காப்பு அவற்றோடு சேர்ந்து கிடைப்பது.

ஃபுளோரிடா, 2010: காற்றோடு வந்த குளிர்

கூரை எப்போதும் போதுமா? இதற்கு அமெரிக்காவின் தென்முனை ஒரு பாடம். 2010 ஜனவரி தொடக்கத்தில் தென் ஃபுளோரிடாவில் ஏறத்தாழ இரண்டு வாரம் நீடித்த கடுங்குளிரில், இகுவானா ஓணான்கள் விறைத்து மரத்திலிருந்து விழுந்தன, ஆழமற்ற கடலில் பவளங்கள் பெருமளவில் மடிந்தன. அங்கே குளிர் வந்த வழி வேறு. வடக்கே உறைந்த நிலப்பரப்பிலிருந்து குளிர்காற்றுத் திரளே நகர்ந்து வந்து இறங்கியது. காற்று வீசுவதால் அத்தகைய குளிர் கூரைக்குள்ளும் நுழையும். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் வேறுபாடு குறையும்.

அந்த நிலத்தின் புகழ்பெற்ற பேய் ஆர்க்கிட், இலையே இல்லாமல் வேர்களாலேயே ஒளிச்சேர்க்கை செய்து வாழ்வது. அது ஃபாக்கஹாட்சி போன்ற சதுப்புக்காடுகளில், தேங்கிய நீரின்மேல் சாய்ந்து நிற்கும் மரங்களில், குறிப்பாகச் சீத்தா இனத்தைச் சேர்ந்த சதுப்பு மரங்களில் ஒட்டியிருக்கிறது. கீழே நிற்கும் நீர் பகலின் வெப்பத்தை இரவு முழுவதும் விட்டுக்கொண்டிருக்கிறது. ஃபுளோரிடாவின் வெப்பமண்டல ஆர்க்கிட்கள் சதுப்பை ஒட்டியே வாழ்வதற்கு ஈரப்பதத்தோடு இந்தக் கதகதப்பும் ஒரு காரணம். 1940களிலும் 50களிலும் அங்கே பெரிய சைப்ரஸ் மரங்கள் வெட்டப்பட்டன. பிறகு அண்டைப் பகுதிகளில் கால்வாய் வெட்டி நீரை வடித்தார்கள். கூரையும் போய், நீரும் போன இடத்தில், அதே அளவு குளிர் முன்பைவிடக் கடுமையாகத் தாக்குகிறது.

குளிர்க்காலத்தைத் தேடிச்சென்று பயன்படுத்திக்கொள்ளும் ஆர்க்கிட்டும் அதே நாட்டில் இருக்கிறது என்பதையும் இங்கே சொல்லிவிடலாம். கிழக்கு அமெரிக்கக் காடுகளின் டிப்புலேரியா டிஸ்கலர் இலையுதிர்காலத்தில் ஒரே ஓர் இலையை விட்டு, அதைத் தரையோடு படிய வைத்துக் குளிர்காலம் முழுவதும் ஒளிச்சேர்க்கை செய்து, வசந்தத்தில் அந்த இலையை உதிர்த்துவிடுகிறது. மேலுள்ள மரங்கள் இலையற்று நிற்கும் மாதங்களில்தான் தரைக்கு வெயில் கிடைக்கும். அந்த வெயிலுக்காக அது குளிரை ஏற்கிறது. இத்தகைய இனத்துக்கு உடல்வலிமை உண்மையிலேயே தேவை. நீலகிரியின் இனங்கள் அந்தப் பாதையில் செல்லவில்லை.

இதனால் நீலகிரிக்கு வரும் விளைவுகள்

மேலே சொன்னவற்றிலிருந்து ஒரு முடிவு வெளிப்படுகிறது: நீலகிரியின் புல்வெளி ஆர்க்கிட்டுக்கு உறைபனி பகையல்ல, ஒருவகையில் காவல். பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வு, புல்வெளியின் உறைபனி சோலை மர நாற்றுகளை அங்கே நிலைபெற விடாமல் தடுக்கிறது என்றும், அயல்மரமான சீகை, அதாவது வாட்டில், அவற்றைவிட நன்றாகத் தாக்குப்பிடிக்கிறது என்றும், வெப்பம் ஏறினால் இந்தச் சமநிலை குலையக்கூடும் என்றும் காட்டியது. உறைபனி மரங்களைத் தள்ளிவைப்பதால் புல்வெளி திறந்திருக்கிறது. திறந்திருப்பதால் வெயில் விரும்பும் சட்டிரியம் அங்கே வாழ்கிறது.

அந்தக் காவலை மீறி வந்தவை மனிதர் நட்ட மரங்கள். சீகையும் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) பரவிய இடத்தில் புல் நிழலில் மடிகிறது, அதோடு கிழங்கும் மடிகிறது. பழனி மலையில் நாற்பதாண்டுகளில் மலைப்புல்வெளியின் மூன்றில் இரண்டு பங்கு தோட்ட மரங்களாலும் வேளாண்மையாலும் இல்லாமல் போனதைச் செயற்கைக்கோள் படங்கள் கொண்டு செய்யப்பட்ட ஆய்வு 2018இல் பதிவு செய்தது. ஓர் உறைபனி இரவால் ஏற்படும் இழப்பை இதன் பக்கத்தில் வைக்கவே முடியாது.

சோலை ஆர்க்கிட்டின் நிலை இதற்கு நேர்மாறானது. அதற்குக் கூரை வேண்டும். சாலைக்காகவோ கட்டடத்துக்காகவோ சோலையின் ஓரம் வெட்டப்படும்போது, நேற்றுவரை உட்புறமாக இருந்த மரம் இன்று விளிம்பு மரமாகிறது; அதன் கிளையிலுள்ள ஆர்க்கிட் திடீரென்று வானத்தையும் காலை வெயிலையும் பார்க்கிறது. ஆகவே 'உறைபனியால் ஆர்க்கிட்களுக்கு ஆபத்தா?' என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது. மரம் நடுவது ஒன்றைக் கொல்லும், மரம் வெட்டுவது மற்றொன்றைக் கொல்லும். பசுமையாக்குவதாகச் சொல்லிப் புல்வெளியில் மரம் நடும் திட்டங்கள் இந்த வேறுபாட்டைக் கணக்கில் எடுக்காதவை.

சேதத்தை எப்போது கணக்கிடுவது?

உறைபனி விழுந்த மறுநாள் காட்டுக்குள் போய்ப் பார்ப்பதால் அதிகம் தெரியவராது. தொற்று ஆர்க்கிட்டில் உறைந்து செத்த இழைமம் முதலில் நீரில் ஊறியதுபோல் கண்ணாடித் தன்மையுடன் தோன்றி, சில நாள்களில் பழுப்பாகிறது. இலை முழுவதும் கருகியிருந்தாலும் போலிக்குமிழ் கெட்டியாகவும் பச்சையாகவும் இருந்தால், அதன் அடிமொட்டிலிருந்து கோடைமழைக்குப் பின் புதுத் தளிர் வரக்கூடும்; குமிழ் மெத்தென்று அழுகியிருந்தால்தான் அது இழப்பு. புல்வெளி ஆர்க்கிட்டுக்கோ ஜூன், ஜூலை வரை காத்திருக்க வேண்டும். அப்போதும் ஒரு செடி தலைகாட்டவில்லை என்பதால் அது இறந்துவிட்டதாகக் கொள்ள முடியாது. தரைவாழ் ஆர்க்கிட்களில் பல, ஓர் ஆண்டோ அதற்கு மேலோ மண்ணுக்கு மேலே வராமல், வேரோடு கூட்டு வாழும் பூஞ்சையின் துணையுடன் கிழங்காகவே இருந்துவிட்டு, பிறகொரு மழையில் அதே இடத்தில் முளைப்பதுண்டு.